மூன்று கருவி, மூன்று எண்: முத்துவின் தொட்டியில் எதை நம்புவது?

முத்துவின் அக்கா (ஸ்காபரோ, ரொறன்ரோ)
ஜனவரி 9, இரவு 10:52

வணக்கம். ஓராண்டாக இங்கே வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். இன்று எழுதாமல் முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பால் பைத்தான் (சிறிய மலைப்பாம்பு வகை) இருக்கிறது. பெயர் முத்து, ஆண், இரண்டு வயது, 810 கிராம். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால்தான் அந்தப் ‘பால்’ என்று சாவகச்சேரியில் இருக்கும் அம்மம்மாவுக்கு எத்தனை முறை சொன்னாலும், “பாம்புக்குப் பால் வைத்தாயா பிள்ளை?” என்றுதான் தொலைபேசியில் கேட்கிறார்.

கண்ணாடித் தொட்டி. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம், மேலே கம்பிவலை மூடி, முன்பக்கம் கண்ணாடிக் கதவு. வலப்பக்கம் அடியில் ஹீட் மேட், அதாவது சூடேற்றும் விரிப்பு. அதைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து 32 பாகையில் வைத்திருக்கிறேன். மூடிக்கு மேல் 100 வாட் செராமிக் ஹீட்டர். குளிராகத் தோன்றும்போது மட்டும் போடுவேன். தரையில் நன்றாகத் தடிப்பாகத் தென்னைநார்த் துகள். இரு பக்கமும் ஒவ்வொரு பொந்து, இடப்பக்கத்தை ஒட்டித் தண்ணீர்ப் பாத்திரம்.

ஐந்து வாரமாக எலி எடுக்கவில்லை. குளிர்காலத்தில் ஆண்கள் விரதம் இருப்பது வழக்கம் என்று இங்கேதான் படித்தேன், அதனால் பயப்படவில்லை. ஆனால் நான்கு நாளாகத் தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு வெளியே வர மறுக்கிறான்.

வெப்பநிலையைப் பார்த்தேன். பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட முள் மானி 29 காட்டுகிறது. தொட்டியின் நடுவில் வயரில் தொங்கும் டிஜிட்டல் மானி 25. தொடாமலே வெப்பத்தை அளக்க நேற்று வாங்கிய இன்ஃப்ராரெட் துப்பாக்கி எங்கே நீட்டினாலும் 21. ஒரே தொட்டி, மூன்று எண். யார் பொய் சொல்கிறார்கள்?

மரப்பெட்டி (லெஸ்டர்)
ஜனவரி 10, காலை 7:15

வட்ட முள் மானியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

கோபப்படாதீர்கள் தங்கச்சி. பதினாறு ஆண்டுகளாகப் பாம்பு வளர்க்கிறேன். அந்த ஒட்டும் மானிகளில் நான்கு வாங்கி ஒரே அலமாரியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று 5 டிகிரி வித்தியாசம். அவை சரியாகக் காட்டினாலும் காட்டுவது பின்கண்ணாடியின் நடுவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உள்ள நிலையை. முத்து அங்கே வசிக்கிறானா? அவன் தரையில் கிடக்கிறான்.

என்னைக் கேட்டால் கருவியை விடப் பாம்பைப் பாருங்கள். தண்ணீருக்குள் கிடக்கிற பாம்புக்குப் பெரும்பாலும் மூன்று காரணம்தான்: உண்ணி, சட்டை உரிக்கும் முன் வரும் வறட்சி, அல்லது சூடு.

தவிட்டுக்குருவி (பர்மிங்காம்)
ஜனவரி 10, மதியம் 1:03

கால்நடை மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன், ஊர்வனவும் வரும். மரப்பெட்டி அண்ணா சொன்ன மூன்றையும் இப்போதே பிரித்துப் பார்த்துவிடலாம்.

முத்துவை எடுத்து ஈரமான வெள்ளைக் காகிதத் துணியில் கைமாற்றிக் கைமாற்றி ஊர விடுங்கள். கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் துணியில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் உண்ணி. தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியிலும் செத்து மிதக்கும். கண் நீலம் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் சட்டை உரிக்கப் போகிறான். பிறகு வயிற்றுச் செதில்களை நல்ல வெளிச்சத்தில் தலையிலிருந்து வால்வரை பாருங்கள். சிவப்பு, பழுப்பு, கொப்புளம், நீர் கோத்தது போன்ற ஏதாவது இருக்கிறதா?

வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா, மூக்கில் குமிழ் வருகிறதா, மூச்சில் சீட்டி போன்ற ஒலி கேட்கிறதா என்பதையும் எழுதுங்கள். வெகுநாள் குளிரில் கிடந்த பாம்புக்கு முதலில் வருவது நுரையீரல் தொற்றுதான்.

குளிர்ச்சங்கிலி (சிங்கப்பூர்)
ஜனவரி 10, இரவு 9:30

முன்பே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் பாம்பு இல்லை. இங்கே வீட்டில் பாம்பு வளர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. என் வேலை, தடுப்பூசியும் மருந்தும் வைக்கும் குளிரறைகளில் வெப்பநிலையைக் கண்காணிப்பது. அந்த ஆசையில் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

“யார் பொய் சொல்கிறார்கள்” என்று கேட்டீர்கள். அநேகமாக மூவருமே உண்மை பேசுகிறார்கள், நீங்கள் கேட்காத கேள்விக்கு. மானி எப்போதும் தன் வெப்பநிலையைத்தான் சொல்லும், உங்கள் பாம்பினுடையதை அல்ல. தொங்கும் வயர் நடுக்காற்றின் வெப்பத்தைச் சொல்கிறது. முள் மானி தான் ஒட்டியிருக்கும் கண்ணாடியையும் காற்றையும் கலந்து சொல்கிறது.

துப்பாக்கியைப் பற்றி ஒரு சந்தேகம். எங்கே நீட்டினாலும் 21 என்கிறீர்கள். உங்கள் அறையின் வெப்பநிலையும் 21 தானா? கதவை மூடி வைத்துக் கண்ணாடி வழியாக நீட்டினீர்களா?

நாம் பார்க்கும் ஒளிக்குத்தான் கண்ணாடி திறந்த சன்னல். அந்தத் துப்பாக்கி பார்க்கும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிருக்கு அது சுவர். நீங்கள் அளந்தது முன்கண்ணாடியின் வெளிமுகத்தை.

கதவைத் திறந்து நேராக அளங்கள். கிட்டப் போங்கள். சிவப்புப் புள்ளி விழும் இடத்தை மட்டும் அது அளப்பதில்லை. 12:1 என்று பெட்டியில் போட்டிருந்தால் 60 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. வட்டத்தின் சராசரியைச் சொல்லும். எஃகுப் பாத்திரம் போன்ற பளபளப்பான பொருள்மீது நீட்டாதீர்கள், எதிரில் உள்ளதன் பிம்பத்தை அளந்து உளறும். மண், மரம், கல், செதில் எல்லாவற்றுக்கும் நன்றாகவே வேலை செய்யும்.

இரு பொந்துகளின் உள்தரையை அளங்கள். வலப்பக்கம் துகளை ஒதுக்கிவிட்டு அடிக்கண்ணாடியையும்.

முத்துவின் அக்கா
ஜனவரி 10, இரவு 11:48

கை நடுங்குகிறது.

ஆம், கண்ணாடி வழியாகத்தான் நீட்டினேன். அறை 21 தான். கதவைத் திறந்து அளந்தேன்.

இடப்பக்கப் பொந்து: 23.
வலப்பக்கப் பொந்து, துகளின் மேல்: 28.
அதே பொந்தில் துகளை விலக்கி அடிக்கண்ணாடி: 43.6.

இரண்டாவது முறையும் அளந்தேன். 43.4. கை வைத்துப் பார்த்தேன், நான்கு விநாடிக்குமேல் வைக்க முடியவில்லை. தெர்மோஸ்டாட் திரையில் 27 என்று எழுதியிருக்கிறது, சூடேற்றுவதைக் காட்டும் அதன் சிறு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

உண்ணி இல்லை. கண் தெளிவாக இருக்கிறது. மூச்சு நன்றாக இருக்கிறது. வயிற்றில், உடம்பின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே, ஆறேழு செதில்கள் இளஞ்சிவப்பாக இருக்கின்றன. அது பிறவி நிறமா என்று தெரியவில்லை. மேட்டின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். செராமிக் எரிகிறது.

தவிட்டுக்குருவி
ஜனவரி 11, அதிகாலை 5:20

பிடுங்கியது சரி. இளஞ்சிவப்பை நாளைக்கே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். படத்தை இங்கே போட்டு யாரும் சொல்லும் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். சூட்டுப் புண் முதல் நாளில் சாதாரணமாகத் தெரியும்; ஒரு வாரம் கழித்துத்தான் ஆழம் வெளிவரும். அதுவரை துகளை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதம் விரியுங்கள். வீட்டில் இருக்கும் எந்த மருந்தையும் தடவாதீர்கள்.

மரப்பெட்டி
ஜனவரி 11, காலை 7:40

உணரி எங்கே இருந்தது தங்கச்சி? தெர்மோஸ்டாட்டின் வயர் முனை. 27 காட்டியதென்றால் அது மேட்டின்மீது இல்லை.

முத்துவின் அக்கா
ஜனவரி 11, காலை 9:05

அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிண்ணத்தால் உள்ளே, பொந்தின் தரையில் ஒட்டியிருந்தேன். இப்போது பார்த்தால் கழன்று, பொந்துக்கு வெளியே துகளின்மீது கிடக்கிறது. எப்போது கழன்றது என்று தெரியாது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முன் துகளை மாற்றினேன், அப்போது இருந்தது நிச்சயம்.

மரப்பெட்டி
ஜனவரி 11, காலை 9:31

நினைத்தேன். 2011இல் என் முதல் பெண் பாம்புக்கு இதேதான் நடந்தது. அவள் இரவில் ஊர்ந்தபோது உணரியை இழுத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டாள். தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைத் தண்ணீரின் குளிர்ச்சி. அது விடாமல் சூடேற்றியது. காலையில் பெட்டிக்குள் கை விட்டபோது அடுப்படி மாதிரி இருந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் வயிற்றில் கோடு கோடாகத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அவளை எடுக்கும்போதெல்லாம் என் விரல் அந்த இடத்தில்தான் போய் நிற்கும்.

அன்றிலிருந்து மேட்டை விட்டுவிட்டேன். வெயில் மேலிருந்து வருகிறது. சூடும் மேலிருந்து வரட்டும். பகலில் ஹாலஜன் விளக்கு, இரவில் செராமிக், இரண்டுக்கும் தனித்தனித் தெர்மோஸ்டாட், இரண்டுக்கும் கம்பிக் கூடு.

குளிர்ச்சங்கிலி
ஜனவரி 11, மதியம் 12:10

அக்கா, உங்கள் தொட்டியில் நடந்ததை இப்போது கோத்துச் சொல்லலாம்.

உணரி கழன்று துகளின்மேல் வந்தது. அங்கே 27. நீங்கள் கேட்டது 32. எனவே தெர்மோஸ்டாட் ஒருபோதும் அணையவில்லை. மேட் முழு வேகத்தில் ஓடியது. அதன்மேல் தடிப்பாகத் துகள். அது மெத்தைபோல வெப்பத்தை அடியிலேயே பிடித்து வைத்தது. மேலே 28, கீழே 43. மேலே நின்று பார்த்தால் எல்லாம் சற்றுக் குளிராகவே தெரியும். பால் பைத்தான் துகளைத் தோண்டிக் கீழே போகும் பிராணி. அவன் போய்ப் படுத்தது அந்தக் கண்ணாடியில்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: கட்டுப்படுத்தும் உணரியும் கண்காணிக்கும் உணரியும் ஒன்றாக இருக்கக் கூடாது. குளிரறையை இயக்கும் கருவியின் திரையில் 5 என்று இருந்தால் நாங்கள் அதைப் பதிவேட்டில் எழுதமாட்டோம். அது தன்னைப் பற்றித் தானே தரும் சான்றிதழ். பக்கத்தில் தனி மின்கலத்தில் ஓடும் இன்னொரு மானி சொல்வதைத்தான் எழுதுவோம்.

வேளச்சேரி வாசகன் (சென்னை)
ஜனவரி 11, மாலை 6:44

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பால் பைத்தானுக்கு உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருப்பதாகப் படித்திருக்கிறேன். இருட்டில் எலியின் உடல் சூட்டையே கண்டுகொள்ளும் பிராணிக்கு, தன் வயிறு வேகிறது என்று தெரியாதா?

தவிட்டுக்குருவி
ஜனவரி 12, காலை 8:15

நல்ல கேள்வி. குழிகள் இருப்பது உதட்டில்; தூரத்திலிருந்து வரும் கதிர்வீச்சைப் பிடிப்பது அவற்றின் வேலை. அதற்குப் பின்னால் இருக்கும் டிஆர்பிஏ1 என்ற புரதத்தை 2010இல் அடையாளம் கண்டது டேவிட் ஜூலியஸின் ஆய்வகம். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2021இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டாரே, அவர்தான். வயிற்றில் அந்தக் குழிகள் இல்லை.

வயிற்றுக்கு உணர்ச்சியே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சூடான இடத்தில் விலகாமல் கிடந்து புண்ணாகி வந்த பாம்புகளை மேசையில் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றும் காரணம்: காட்டில் சூடு மேலிருந்து வரும், கீழே தோண்டினால் குளிரும். ‘சூடாக இருக்கிறது, கீழே போ’ என்று அதன் உடம்பு சொல்லும்போது கீழேதான் அடுப்பு இருக்கிறது.

மரப்பெட்டி
ஜனவரி 12, காலை 8:50

கானா, டோகோ, பெனின் பக்கம் இவை பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடக்கும். ‘கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது’ என்று நம் ஆட்கள் யாரையோ திட்டுவதற்குச் சொன்னது மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் அப்படியே பொருந்துகிறது. புற்றுக்குள் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மெதுவாகத்தான் எட்டும். நாம் கொடுப்பது கண்ணாடிப் பெட்டி, கம்பிவலை மூடி. நேர் எதிர்.

முத்துவின் அக்கா
ஜனவரி 13, இரவு 8:20

மருத்துவர் பார்த்தார். மேலோட்டமான சூட்டுக் காயம், முதல் நிலை. களிம்பு கொடுத்தார், இரண்டு வாரம் காகிதத் தரை. “சரியான நேரத்தில் வந்தீர்கள்” என்றார். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

இரண்டு டிமிங் தெர்மோஸ்டாட் (மின்சாரத்தை அணைக்காமல் கூட்டிக் குறைப்பது) வாங்கியாகிவிட்டது. இனி எந்த எண்களை வைக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும் என்று யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று எழுதியிருக்கிறார்கள்.

மரப்பெட்டி
ஜனவரி 13, இரவு 11:02

நான் வைப்பது இது. விளக்குக்கு நேர் கீழே உள்ள கல்லின் மேற்பரப்பு 34, 35. சூடான பக்கப் பொந்துக்குள் 31, 32. குளிர்ந்த பக்கம் 25, 26. இரவில் எல்லாம் இரண்டு மூன்று டிகிரி இறங்கலாம்; 23க்குக் கீழே விடமாட்டேன். கல்லைத் துப்பாக்கியால் அளங்கள், பொந்துகளுக்குள் வயர் மானி வையுங்கள். நடுக்காற்றை அளப்பதை மறந்துவிடுங்கள்.

சோளப்பாம்பு வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அவற்றுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். சென்ற மாதம் ஒருவர் போட்டார்.

கம்பிவலை மூடியில் விளக்கு இருக்கும் இடத்தை விட்டு மீதியை மூடுங்கள். சூடும் ஈரமும் அந்த வழியாகத்தான் போகின்றன.

குளிர்ச்சங்கிலி
ஜனவரி 14, காலை 10:25

எண்களை வைப்பதற்குமுன் மானிகளைச் சோதியுங்கள். அரை மணி நேர வேலை.

ஐஸைத் தூளாக்கிக் குவளை நிறைய நிரப்பி, இடைவெளிகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கலக்கிவிட்டு வயர் முனையை நடுவில் வையுங்கள், குவளையின் சுவரில் படாமல். மூன்று நிமிடம் கழித்து 0 காட்ட வேண்டும். 1.2 காட்டினால் அந்த மானியின் மேல் ‘+1.2’ என்று எழுதி ஒட்டுங்கள். தூக்கி எறியத் தேவையில்லை. எவ்வளவு தவறு என்று தெரிந்த மானி நல்ல மானிதான்.

ஆனால் நமக்கு வேண்டியது 0 அல்ல, 30களின் நடு. அதற்கு உங்கள் வீட்டிலேயே நல்ல கருவி இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மோமீட்டர். அந்த எல்லைக்குள் அதைவிடத் துல்லியமானதை இந்த விலைக்கு வாங்க முடியாது. ஒரு பிளாஸ்கில் 37 அளவு வெதுவெதுப்பான நீர் விட்டு, அதையும் உங்கள் வயர் முனைகளையும் சேர்த்துக் கட்டி இறக்கி ஒப்பிடுங்கள்.

ஈரப்பதமானியையும் சோதிக்கலாம். மூடியுள்ள டப்பாவில் சிறு மூடி வைத்து, அதில் சாப்பாட்டு உப்பைச் சில துளி நீரில் ஈரமான மணல்போலக் குழைத்து, மானியையும் உள்ளே வைத்து மூடிவிடுங்கள். ஒரு நாள் கழித்து 75 சதவீதம் காட்ட வேண்டும். உப்பு கரைந்து தண்ணீராக நிற்கக் கூடாது.

கடைசியாக ஒன்று: நீங்கள் பார்க்கும்போது என்ன எண் என்பது பாதிக் கதை. பார்க்காதபோது என்ன என்பதற்குப் பதிவுமானி வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிக்கொள்ளும் சிறிய ஒன்று போதும். கைவேலை தெரிந்தவர்கள் டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்ப உணரியை வாங்கி ஒரு சிறு பலகையில் இணைத்துத் தாங்களே செய்துகொள்ளலாம். அரை டிகிரிக்குள் நிற்கும்.

மரப்பெட்டி
ஜனவரி 14, காலை 11:40

தம்பி, உப்பும் ஐஸும் எல்லாம் சரி. ஆனால் இந்தப் பிள்ளை பாம்பு வளர்க்கிறது, ஆய்வகம் நடத்தவில்லை. வரைபடம் பார்க்கிறவன் பாம்பைப் பார்க்க மறந்துவிடுவான். முத்து தண்ணீரில் கிடந்துதான் சொன்னான், எந்த மானியும் சொல்லவில்லை.

குளிர்ச்சங்கிலி
ஜனவரி 14, மதியம் 12:02

அண்ணா, முத்து சொன்னது நான்காம் நாள், வயிறு சிவந்த பிறகு. பொந்துக்குள் ஒரு மானி இருந்திருந்தால் முதல் இரவே சொல்லியிருக்கும்.

மரப்பெட்டி
ஜனவரி 14, மதியம் 12:20

அதுவும் சரிதான்.

யாரா நதி (மெல்பர்ன்)
ஜனவரி 15, காலை 6:10

உங்கள் குளிரைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. எனக்கு எதிர்ப்பாட்டு. இங்கே வெளிநாட்டுப் பாம்பு வளர்க்க முடியாது. உரிமம் வாங்கி ஆஸ்திரேலியப் பாம்பைத்தான் வைத்திருக்கலாம். என்னுடையது கார்பெட் பைத்தான்.

2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி. தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டது, ஆனால் குளிர்விக்க அதற்குத் தெரியாதே. வீடு 37ஐத் தொட்டதும் பாம்பைத் துணிப்பையில் போட்டுக் குளியலறைத் தரை ஓட்டில் வைத்து, உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். அன்றிலிருந்து என் மானியில் இரண்டு எச்சரிக்கை மணி: 22க்குக் கீழே ஒன்று, 35க்கு மேலே ஒன்று. வாங்கும்போது மேல் எல்லைக்கும் மணி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேளச்சேரி வாசகன்
ஜனவரி 15, மாலை 7:15

யாரா நதியின் பதிவைப் படித்ததும் சென்னை நினைவுதான் வந்தது. என் அக்காள் மகன் பால் பைத்தான் வாங்கித்தரச் சொல்லி அடம்பிடிக்கிறான். கைப்பேசியில் விற்பனைப் படங்கள் வருகின்றன. இங்கே ஹீட்டரே தேவைப்படாதே?

பள்ளிக்கரணை நாரை (சென்னை)
ஜனவரி 15, இரவு 10:33

ஹீட்டருக்குமுன் சட்டத்தைப் பார்ப்போம். சாரையோ நாகமோ மலைப்பாம்போ, நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முடியாது. பால் பைத்தான் அயல்நாட்டு இனம், ஆனால் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கைப்பேசியில் வரும் படத்தில் உள்ள குட்டி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்; சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் அடைத்துக் கொண்டுவந்து பிடிபடுபவற்றில் இந்த இனமும் உண்டு.

பையனைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். ஆர்வம் தீராவிட்டால் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுப்பதைப் பார்க்கலாம். அவர்கள் பாம்புகளை வைப்பது மண்பானையில். அதன் வெப்பநிலையை யாரும் துப்பாக்கியால் அளப்பதில்லை, நிழலில் வைக்கத் தெரிந்திருக்கிறார்கள்.

முத்துவின் அக்கா
ஜனவரி 21, இரவு 11:15

குளிர்ச்சங்கிலி தம்பி, உங்களுக்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியவில்லை. பதிவுமானியை இடப்பக்கத்தில், குளிர்ந்த பக்கத்தில் வைத்தேன். ஐந்து நாள் கழித்து வரைபடத்தைத் திறந்தேன்.

அதிகாலை 4 மணிக்கு 19.3. எங்கள் கட்டடத்தில் இரவு வெப்பமூட்டியைக் குறைத்துவிடுகிறார்கள் போலும். இது ஒன்று.

மதியம் 1 மணியிலிருந்து 2:40 வரை 38! ஐந்து நாளில் மூன்று நாள். அப்போது நான் வேலையில் இருப்பேன். செராமிக் அணைந்தே இருந்திருக்கிறது. குளிர்ந்த பக்கம் எப்படி 38 ஆகும்?

குளிர்ச்சங்கிலி
ஜனவரி 22, காலை 9:00

மூன்று நாள் மட்டும் என்றால், அந்த மூன்று நாளும் வெயில் அடித்ததா? தொட்டிக்கு எதிரே தெற்குச் சன்னல் இருக்கிறதா? குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக ஓடுவதால் வெயில் அறைக்குள் வெகுதூரம் நீளும். கோடையில் எட்டாத இடத்தை ஜனவரியில் எட்டும்.

ஆனால் 38ஐ அப்படியே நம்பாதீர்கள். பதிவுமானிமீதே வெயில் விழுந்திருந்தால் அது தன் கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பின் சூட்டைச் சொல்லியிருக்கும். பொந்துக்குள் நிழலில் வைத்து மறுபடி பாருங்கள்.

முத்துவின் அக்கா
ஜனவரி 26, மாலை 5:30

தெற்குச் சன்னல்தான். பொந்துக்குள் வைத்தேன். வெயில் அடித்த நாளில் 31.8.

38 இல்லையென்றாலும் குளிர்ந்த பக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பக்கத்தில் மதியம் 32, அதிகாலை 19. வலப்பக்கத் தரையில் 43. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தவிர அவனுக்குப் போக இடமே இருந்திருக்கவில்லை. நேற்றுத் தம்பியும் நானும் சேர்ந்து தொட்டியைத் தூக்கி உள்சுவரோரம் மாற்றிவிட்டோம்.

ஐஸ் சோதனையில் வயர் மானி 1.4 காட்டியது. மேலே எழுதி ஒட்டிவிட்டேன்.

டொன் பள்ளத்தாக்கு (ரொறன்ரோ)
ஜனவரி 27, காலை 7:55

ஊர்க்காரர் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் மின்சாரம் இல்லை. அப்போது வை-ஃபை வழியாகச் சொல்லும் மானி வைத்திருந்தேன்; மின்சாரம் போனதும் அதுவும் ஊமையாகிவிட்டது, மிகவும் தேவைப்பட்ட நேரத்தில். மின்கலத்தில் ஓடும், உச்சம் தாழ்வு இரண்டையும் நினைவில் வைக்கும் பத்து டாலர் மானி ஒன்றையும் வைத்திருங்கள். மீன் பெட்டி மாதிரியான தெர்மக்கோல் பெட்டி ஒன்று, துணிப்பை ஒன்று, சுடுநீர்ப் பை ஒன்று. எரிவாயு அடுப்பு இருந்ததால் நீரைச் சூடாக்க முடிந்தது. பையைத் துண்டில் சுற்றி, பாம்புக்கும் அதற்கும் நடுவில் மானியின் முனையை வைத்தேன். பெட்டியில் காற்றுத் துளை மறக்க வேண்டாம்.

முத்துவின் அக்கா
பிப்ரவரி 16, இரவு 9:47

செய்தி சொல்ல வந்தேன். தொட்டியை மாற்றிய மறுநாளே பாத்திரத்தை விட்டு வெளியே வந்தான். பிப்ரவரி 6 அன்று சட்டை உரித்தான், ஒரே துண்டாக. அந்த ஆறேழு செதில்களின் நிறமும் பெரும்பாலும் போய்விட்டது. நேற்று இரவு எலி எடுத்தான், பத்து வாரத்துக்குப் பிறகு. கதவருகே மூச்சு விடாமல் நின்று பார்த்தேன். எடை 774, மருத்துவர் கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறார்.

இப்போது பகலில் ஹாலஜன், இரவில் செராமிக். கல் 34, சூடான பொந்து 31.5, குளிர்ந்த பொந்து 25, அதிகாலைத் தாழ்வு 23.4. தெர்மோஸ்டாட்டின் உணரிகளை ரப்பர் கிண்ணத்தில் நம்பாமல் வயர்க் கவ்வியால் திருகி மாட்டிவிட்டேன். ஞாயிறு தோறும் இழுத்துப் பார்க்கிறேன்.

தவிட்டுக்குருவி
பிப்ரவரி 17, காலை 8:05

மனம் நிறைந்தது. அடுத்த எலியைச் சற்றுச் சிறியதாகக் கொடுங்கள், ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விட்டு. எலி எடுத்த இரண்டு நாளும் சூடான பொந்து குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செரிக்காவிட்டால் கக்கிவிடுவான்.

மரப்பெட்டி
பிப்ரவரி 17, காலை 8:30

நல்லது தங்கச்சி. அந்த ஹீட் மேட்டைக் குப்பையில் போட்டாயிற்றா?

முத்துவின் அக்கா
பிப்ரவரி 17, இரவு 10:11

இல்லை அண்ணா. இந்தக் குளிரில் இங்கே தோசை மாவு புளிப்பதே இல்லை. நன்றாகக் கழுவித் துடைத்து மாவுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மரப்பெட்டி
பிப்ரவரி 17, இரவு 10:14

உணரி?

முத்துவின் அக்கா
பிப்ரவரி 17, இரவு 10:20

மேட்டோடு சேர்த்து ஒட்டியிருக்கிறேன், 30 பாகை. மாவுக்குள் இன்னொரு மானி இருக்கிறது.